இல்லாத பஸ்ஸுக்கு ஐந்து பங்குதாரர்கள்

"ரசீதை எல்லாரும் எடுத்து முன்னால வைங்க" என்றார் செல்லசாமிக் கங்காணி.

நல்லமுத்து தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் மடியைத் தடவினார்கள். ஆண்டியப்பன் தலைப்பாகைக்குள்ளிருந்து ஒரு ரோஸ் நிறத் தாளை எடுத்தான். பூரணி முந்தானை முடிச்சை அவிழ்த்து அதே போல ஒன்றை எடுத்தாள். 'மலைநாட்டு மோட்டார் பஸ் கம்பெனி, பங்கு ஒன்று, ரூபாய் இருபது' என்று அச்சடித்து, கீழே கணேசமூர்த்தி என்று கொடி பறக்கிற மாதிரி ஒரு கையெழுத்து.

"அண்ணே, ஒங்களோடது?" என்று நல்லமுத்து பக்கம் திரும்பினார் கங்காணி.

நல்லமுத்துவிடம் ரசீது இல்லை. தொலைந்துபோகவில்லை. அவர் பணமே கட்டவில்லை.

கட்டாததற்குக் காரணம் புத்திசாலித்தனம் அல்ல. போன வருஷம் சம்பள நாளன்று கோட்டும் தோல்பையுமாக அந்தக் கணேசமூர்த்தி தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, "பொகவந்தலாவையிலிருந்து ஒங்க லயத்து வாசலுக்கே பஸ் விடப்போறோம். பங்கு எடுக்கிறவங்களுக்கு முன் சீட்டு, டிக்கட் கிடையாது" என்று காம்பரா காம்பராவாகச் சொல்லிக்கொண்டு போனபோது, நல்லமுத்துவின் காம்பராவுக்கு மட்டும் அவன் வரவில்லை. அது லயத்து வரிசை வீடுகளில் கடைசி அறை. பொஞ்சாதி செத்து மூன்று வருஷம். ஒரே மகள் வலப்பனைப் பக்கம் வாக்கப்பட்டுப் போய்விட்டாள். பெக்டரி அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை அவர் குரலை அவரே கேட்கமாட்டார். ஏமாற்ற வந்தவன்கூட அந்த வாசலில் நிற்கவில்லை.

பிறகு கணேசமூர்த்தி கொடுத்த ஹட்டன் விலாசத்தில் சவரக்கடைதான் இருக்கிறது என்று செய்தி வந்த அன்று, லயத்து முற்றத்தில் ஒரே ஒப்பாரி. யாரோ, "நீங்களும் கட்டுனீங்களாண்ணே?" என்று தோளில் கை வைத்துக் கேட்டார்கள். தோளில் ஒரு கை விழுந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தலை தானாக ஆடிவிட்டது.

"அப்ப ஒங்க காம்பராவுலேயே கூடுவோம். புள்ள குட்டி தொந்தரவு இல்ல" என்றார் கங்காணி. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சனம்.

"ரசீது எங்கண்ணே?" என்று மறுபடி கேட்டார் கங்காணி.

"கரையான் தின்னுருச்சு" என்றார் நல்லமுத்து.

"இரும்புப் பெட்டியிலயா?" மூலையில் இருந்த பெட்டியைக் காட்டினார் கங்காணி.

"நீங்க வேற! நான் வயித்தெரிச்சல்ல என் ரசீத அடுப்புலேயே போட்டுட்டேன்" என்று குறுக்கே விழுந்தாள் வேலாயி. மேல்லயத்தில் தனியாக இருப்பவள். கொழுந்து பறிப்பதில் கெட்டி, அதைவிடக் கெட்டி சாபம் விடுவதில். "அந்தக் கோட்டுக்காரன் வெளங்குவானா? அவன் கால்ல அட்டை கடிக்க! கடிச்ச எடம் ஆறாமப் போக!"

பேச்சு ரசீதிலிருந்து நகர்ந்தது. நல்லமுத்து மூச்சு விட்டார்.

"எல்லாம் கங்காணியாராலதான்" என்றாள் பூரணி. "நீங்கதான அவனுக்கு நாற்காலி போட்டீங்க? அதப் பாத்துத்தான் நான் காதுத் தோட்ட அடகு வச்சேன்." வெறும் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"நாற்காலி போட்டா பணத்தக் குடுன்னு அர்த்தமா? நானும்தான் இருவது ரூவா குடுத்தேன்!"

"அவனத் திட்டாதீங்க" என்றான் ஆண்டியப்பன். "தப்பு அவன் மேல இல்ல. இந்த வருசம் பொறந்ததும் கவர்மெண்டு எல்லா பஸ்ஸையும் எடுத்துக்கிடுச்சுல்ல? அதோட சேத்து நம்ம பஸ்ஸையும் எடுத்திருக்கும்."

"இல்லாத பஸ்ஸ எப்பிடியா எடுப்பாங்க?"

"கவர்மெண்டுக்கு எது முடியாது?"

இப்படியே நான்கு ஞாயிறு ஓடியது. நல்லமுத்து சீனியும் ரொட்டி மாவும் கூடுதலாக வாங்கினார். பக்கத்துக் காம்பராவில் இரண்டு கோப்பை இரவல் வாங்கினார். பாயை உதறி விரித்துவிட்டுப் பத்து மணியிலிருந்தே வாசலைப் பார்ப்பார்.

ஐந்தாம் ஞாயிறு ஆண்டியப்பன் எழுந்து உடம்பை முறித்தான். "போனது போச்சு. இனி இந்த நேரத்துக்கு வெறகு பொறுக்கப் போனாலாவது அடுப்பு எரியும்."

அடுத்த ஞாயிறு வேலாயியும் கங்காணியும்தான் வந்தார்கள். கங்காணியும் கோப்பை காலியானதும் கம்பளியைப் போர்த்தினார். என்ன சொல்கிறோம் என்று யோசிக்குமுன் நல்லமுத்துவின் வாய் சொல்லிவிட்டது:

"நேத்து ஹட்டன்ல அவனப் பாத்தேன்."

மறு ஞாயிறு ஐந்து பேரும் பொகவந்தலாவைக்கு மூன்று மைல் நடந்து, ஹட்டனுக்கு பஸ் ஏறினார்கள். கடைத்தெருவை மூன்று சுற்று சுற்றினார்கள். நல்லமுத்து ஒவ்வொரு சந்திலும் நின்று, "இங்கதான்... இல்ல, அங்க" என்று கை காட்டினார். கால் வலி தாங்கமுடியாமல் கடைசியில் புடவைக்கடை வாசலில் முதுகைக் காட்டி நின்ற ஒரு கோட்டைக் காட்டிவிட்டார்.

வேலாயி பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடா என் இருவது ரூவா?"

கோட்டு திரும்பியது. கண்ணாடி போட்ட ஒரு சிங்களத்துப் பெரியவர். மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்தவர். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சமாவென்ன மஹத்தயா, சமாவென்ன" என்று பத்து தடவை மன்னிப்புக் கேட்டார். பிய்ந்த பித்தானுக்கு ஐம்பது சதம் அழுதார்கள்.

திரும்பும் வழியில் ஒருவரும் நல்லமுத்துவோடு பேசவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் மட்டும் காலியாக வந்தது.

"கண்ணு தெரியாத மனுசன நம்பி பஸ் காசும் போச்சு" என்றாள் பூரணி, யாரிடமோ சொல்வதுபோல.

நல்லமுத்துவுக்குத் தபால் கந்தோர் சேமிப்புப் புத்தகத்தில் நூற்றுப் பதின்மூன்று ரூபாய் இருந்தது. பெட்டரி ரேடியோ ஒன்று வாங்குவதற்காக ஏழு வருஷமாகச் சேர்த்தது. காம்பராவில் ஒரு மனிதக்குரல் கேட்க வேண்டும் என்று ஆசை. இரண்டு நாள் யோசித்தார். ரேடியோ பேசும், தேத்தண்ணி குடிக்காது, 'இன்னொரு ரொட்டி இருக்காண்ணே' என்று கேட்காது.

மூன்றாம் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஹட்டனுக்குப் போனார். இருபது ரூபாயை எடுத்து, அதே கவுண்டரில் நாலு பேருக்கும் ஐந்து ஐந்து ரூபாயாக மணியாடர் கட்டினார். அனுப்புகிறவர்: கணேசமூர்த்தி. எழுத்தை இடப்பக்கம் சாய்த்து எழுதினார். ஒரு கையால் பணத்தைக் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட கிளார்க்கர், அவரை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

அந்த ஞாயிறு காம்பராவில் திருவிழா.

"நான் சொல்லல? நல்ல மனுசன்னு?" என்றான் ஆண்டியப்பன்.

"நாற்காலி போட்டது வீண்போகல" என்றார் கங்காணி.

வேலாயி மட்டும் என்றைக்கும் இல்லாத அமைதியாக இருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்தார்கள்.

"ஒங்களுக்கு எவ்வளவுண்ணே வந்துச்சு?" என்றாள் பூரணி.

தனக்கு அனுப்ப மறந்துபோனது அப்போதுதான் நல்லமுத்துவுக்கு உறைத்தது. "வரல" என்றார். அதற்குள் அவருக்காக நாலு பேரும் கொதித்தெழுந்தார்கள். தபாலில் யாரோ கையாடிவிட்டார்கள் என்றார் கங்காணி. பெட்டிஷன் போட வேண்டும் என்றான் ஆண்டியப்பன். ஆகவே இரண்டாவது தவணையில் தனக்கும் ஐந்து ரூபாய் அனுப்பிக்கொண்டார். எல்லார் முன்னாலும் தபால்காரரிடம் தன் பணத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அனுப்பு கூலி அப்படி.

"பாவம், கண் கலங்குறாரு" என்றாள் பூரணி.

வினை அத்தோடு நிற்கவில்லை. ஆண்டியப்பன் தொண்டையைக் கனைத்தான். "இப்பிடி ஒரு நேர்மையான மனுசன் ஒலகத்துல உண்டா? நான் யோசிச்சேன். வந்த பத்து ரூவாய அவர்கிட்டேயே திருப்பிக் கட்டலாம்னு. பஸ் இல்லாட்டி வேற ஏதாச்சும் ஏவாரம் பண்ணுவாருல்ல?"

"நானும் போடுறேன்" என்றார் கங்காணி. "சம்பளத்துக்கு மறுநாள் ஹட்டன் தபால் கந்தோருக்குப் போயி, இத யாரு கட்டுறதுன்னு கிளார்க்கர்கிட்டக் கேட்டா வெலாசம் சொல்லமாட்டாரா? என்ன சொல்றீங்கண்ணே?"

நல்லமுத்து ரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

மறுநாளே போய் மிச்சம் எல்லாவற்றையும் எடுத்தார். மற்ற நாலு பேருக்கும் பத்துப் பத்து, தனக்குப் பதினைந்து. கங்காணி பேருக்கு ஒரு கடுதாசியும் போட்டார்: 'எல்லோரும் மன்னிக்கவும். கணக்குத் தீர்ந்தது. நான் தொழிலை விட்டுவிட்டுக் கதிர்காமத்து முருகனிடமே போகிறேன். யாரும் என்னைத் தேட வேண்டாம்.'

கடைசிக் கூட்டத்துக்குப் பூரணி காதில் தோட்டோடு வந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினாள். நல்லமுத்துவுக்கு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கங்காணி எழுந்து நின்று, "கணேசமூர்த்தி ஐயா எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டார். எல்லாரும் கும்பிட்டார்கள். நல்லமுத்துவும் கும்பிட்டார். பிறகு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மழை. அவர் பாயை விரித்து, மாவு பிசைந்து வைத்திருந்தார். மழை என்பதால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறு நல்ல வெயில். ஆண்டியப்பன் விறகுக் கட்டோடு வாசலைத் தாண்டிப் போனான். "என்னண்ணே, சொகமா?" என்று கேட்டான், நிற்கவில்லை. இரவல் கோப்பைகளைப் பக்கத்துக் காம்பராவில் திருப்பிக் கொடுத்தார் நல்லமுத்து.

மூன்றாம் ஞாயிறு பாயை விரிக்கவில்லை. அடுப்படியில் குந்திக்கொண்டு வெறுந்தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. வேலாயி. வழக்கமான சத்தம் இல்லை.

"உள்ள வரலாமாண்ணே?"

"வா தங்கச்சி, வா." அவசரமாகப் பாயைத் தேடினார். "என்ன விசேசம்?"

அவள் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நோட்டுகளைப் பாயில் வரிசையாக வைத்தாள். ஐந்து, ஐந்து, பத்து. ஒன்றுகூட மடிப்புக் கலையவில்லை. நல்லமுத்து கோப்பையைக் கீழே வைத்தார். கிளார்க்கர் சொல்லிவிட்டார், குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்தார்.

"அந்த மனுசனுக்கு ஒரு கடுதாசி எழுதித் தரணும்ணே. கதிர்காமத்துல தேடிப் புடிச்சுக் குடுத்துறமாட்டாங்களா? இந்தப் பணத்த அவருகிட்டயே சேத்துடணும். வச்சிருந்தா தூக்கம் வரமாட்டேங்குது."

"ஏன் வேலாயி? ஒன் பணந்தான, முழுசா வந்திருச்சே?"

வேலாயி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெளிய சொல்லிறாதீங்கண்ணே... நான் எந்தப் பங்கும் எடுக்கல. ஞாயித்துக்கெழமைன்னா இங்க நாலு பேரு கூடிப் பேசுறாங்களேன்னுதான் நானும் வந்து ஒக்காந்தேன்."