உன் அக்காவின் பல்லுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கோரி

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நான் நலம். உன் அக்காவும் நலம்தான், வாய் நீங்கலாக. அங்கே நீயும் தங்கச்சியும் கல்யாணப் பெண்ணும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன்னை அரைக்கால் சட்டையில் பார்த்தவன் என்ற உரிமையில் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அடுத்த மாதம் வைத்திருக்கும் உன் மகள் கல்யாணத்தை எட்டு மாதம் தள்ளிப்போட முடியுமா? கடிதத்தைக் கிழிக்காதே. முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

உன் அக்கா யார் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்ததில்லை, அது உனக்கே தெரியும். முன்பல் நான்கும் பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சின்ன வயதில் நீ அவளை ‘உடைஞ்ச சீப்பு’ என்று கூப்பிடுவாயாம். சிறுபிள்ளைத்தனம், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வாயைப் பொத்திய கை இன்னும் இறங்கவில்லை. இந்த முப்பது வருஷத்தில் நானும் எத்தனையோ கோமாளித்தனம் செய்து பார்த்துவிட்டேன். குலுங்குவாள், கண்ணில் தண்ணீர் வரும், வாய் மட்டும் கைக்குப் பின்னால் இருக்கும். போன வருஷம் கல்யாணம் நிச்சயமானதும் உன் மகள் போன் செய்து, “அத்தை, என் கல்யாண போட்டோவுலயாவது பல்லைக் காட்டிச் சிரிங்க. இல்லேன்னா உங்களை போட்டோவுலயே சேர்க்க மாட்டேன்” என்றாள். காலேஜ் படித்த மூன்று வருஷமும் எங்கள் வீட்டில் வளர்ந்த பெண், அவளுக்கு அந்த உரிமை உண்டு. மறுநாளே உன் அக்கா போஸ்ட் ஆபீஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பல் டாக்டர் நாற்காலியில் போய்ச் சாய்ந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில்!

டாக்டரம்மாவுக்கு உன் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் சட்டைப் பொத்தானில் கால்வாசி அளவுக்கு ஓர் உலோகத் துண்டை ஒட்டி, அதிலுள்ள பள்ளத்தில் கம்பியை வைத்துக் கட்டினார். “இந்தக் கம்பியை எப்படி வளைச்சுக் கட்டினாலும் தன்னோட பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் சார். திரும்பும்போது பல்லையும் கூட்டிட்டு வரும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலமெல்லாம் கம்பி வேலி போட்டுப் பிழைக்கிறவன் நான். எங்கள் தொழிலில் தூண் அசைந்தால் நட்டவனுக்கு அவமானம். இங்கே தூண் அசைய வேண்டும் என்பதற்காகவே கம்பி கட்டுகிறார்கள். இருந்தாலும் கம்பி கம்பிதானே, இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தேன் பார், அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

மொத்தம் ஒன்றரை வருஷம் ஆகும் என்றார். கல்யாணத்துக்கு ஒரு வருஷம்தான் இருந்தது. பத்தாவது மாதம், மேல்பல்லிலிருந்து கீழ்ப்பல்லுக்கு இழுத்து மாட்டிக்கொள்ளச் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் ஒரு பை நிறையக் கொடுத்தார். பக்கத்துக்கு ஒன்று, தினமும் புதிது. வேலிக் கம்பி தொய்ந்தால் நான் இன்னும் இரண்டு முறுக்கு முறுக்குவேன், வேலை முடிந்துவிடும். அதே மூளையோடு, “பக்கத்துக்கு ரெண்டா மாட்டு, பாதி நாள்ல முடிஞ்சிடும்” என்றேன். “டாக்டர் ஒண்ணுதானே சொன்னாங்க?” என்று கேட்டாள். “அது எல்லாருக்கும் சொல்றது. நமக்கு அவசரம் இல்லையா?” என்றேன். நம்பினாள், மச்சான். முப்பது வருஷத்தில் நான் சொல்லி அவள் கேட்டு நடந்தது அது ஒன்றுதான்.

மூன்று வாரம் கரைத்துக் குடிப்பதைத் தவிர வேறெதுவும் அவளுக்கு இறங்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள், ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று புரியாது. வேலை நடக்கிறது என்று நான் பெருமையாகத் திரிந்தேன். அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா பல்லைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. “இப்படி ஆடுதே! ரப்பர் எத்தனை மாட்டினீங்க?” என்றார். உன் அக்கா கூரையைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. “சார், எலும்பு வழி விட்டாத்தான் பல் நகரும். அழுத்தம் விழுற பக்கம் எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையணும், பின்னாடி காலியாகுற பக்கம் புது எலும்பு வளரணும். அதுக்கு அதோட நேரத்தைக் குடுங்க. முரட்டுத்தனமா இழுத்தா வேரே தேய்ஞ்சுடும்” என்றார். நல்லவேளை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் வேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பல் உறுதியாகும்வரை ஒரு மாதம் ரப்பரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே பாக்கி ஏழு மாதம், இந்த ஓய்வு ஒரு மாதம், ஆக எட்டு.

திரும்பி வரும்போது உன் அக்கா, “கல்யாணத்துக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க. வாய் நிறைய கம்பியோட நான் அங்க வந்து நிக்கலை” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அவள் தலைவாரி விட்ட பெண்ணின் கல்யாணத்தில் அவள் இல்லாமல் நான் மட்டும் போய் என்ன செய்யப்போகிறேன்? தப்பு முழுக்க என்னுடையது, அதனால்தான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மண்டபத்துக்காரரிடம் நானே பேசுகிறேன். சம்பந்தி வீட்டில் காரணம் கேட்டால், பெண்ணின் மாமாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லிக்கொள். நேரில் வந்து பார்த்தாலும் நம்புவார்கள்.

இது உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுவது. போனில் வாய் தவறிச் சொல்லிவிடாதே. தங்கச்சிக்கு என் அன்பு. மணமக்கள் எந்தத் தேதியில் மணந்தாலும் நீடூழி வாழ்க. இருவரும் படுக்கப்போகும் முன் பல் தேய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அவசரக்கார அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. தபாலில் சேர்க்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் போஸ்ட் ஆபீஸை விட்டால் வேறு கிடையாது, அதனால் உன் அக்காவின் கவுன்டரைத் தவிர்த்து மூன்றாவது கவுன்டரில்தான் நின்றேன். அங்கிருந்த பெண், உதவி செய்கிற நினைப்பில், “அக்கா, உங்க வீட்டுக்காரர் கவர் கொண்டுவந்திருக்கார்” என்று அவளிடமே நீட்டிவிட்டாள். தபால் ஆபீஸ்காரர்கள் அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது குற்றம் என்று நினைவூட்டினேன். “பெண்டாட்டி பிரிக்கலாம்” என்று பிரித்துவிட்டாள். நின்றபடியே படித்தாள். “எட்டு மாசமா! ஒரு கல்யாணத்தையா!” என்று கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள் மச்சான், கம்பியும் கொக்கியும் கடைவாய்ப் பல்லும் தெரியத் தெரிய. வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள், அது அவள் நினைவிலேயே இல்லை. ஓய்ந்ததும் பேனாவை என் கையில் கொடுத்து, “வர்றோம்னு எழுதுங்க” என்றாள். அவள் கவுன்டரில் நின்றுதான் இதை எழுதுகிறேன். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவன், அவள் சிரிப்பை இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். கண் கலங்கி எழுத்து கோணலாகப் போகிறது, மன்னித்துக்கொள். தேதியை ஒரு நாள்கூடத் தள்ளாதே. முடிந்தால் அடுத்த வாரமே வைத்துவிடு.