தூசிக்கு மேலிடம் யார்?

"மேடம், தூசியெல்லாம் எப்படி ஒண்ணு சேந்து கிரகமாகுதுன்னு கேட்டிருந்தேன். மேலிடத்துக்கு எழுத்து மூலமா தெரியப்படுத்தச் சொல்லியிருக்கீங்க. மேலிடம்னா யாரு மேடம்?"

கல்லூரிக்குக் கிளம்பி ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்த ஆசிரியை, கைப்பேசியில் இதைப் படித்துவிட்டு அடுத்த காலை நுழைக்க மறந்து நின்றாள்.

அவள் இயற்பியல்காரி. நட்சத்திரத்தைச் சுற்றும் தூசியும் வாயுவும் திரண்டு கிரகமாவது அவளுடைய சொந்தப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இரண்டு வாரம் முன்பு பொறியியல் அறநெறி எடுத்துக்கொண்டிருந்தவர் பிரசவ விடுப்பில் போக, அந்தப் பாடமும் இவள் தலையில் விழுந்தது. மனசாட்சி இருக்கிற யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார் துறைத் தலைவர். அவர் அதைச் சொன்ன நேரம் பார்த்து அவருடைய அறை வாசலைக் கடந்துபோனவள் இவள் மட்டும்தான்.

அதிலிருந்து சந்தேகங்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து குவிந்தன. இன்று காலையில் மகளுக்குச் சிக்கெடுத்துத் தலை வாரிக்கொண்டே இடது கைக் கட்டைவிரலால் இரண்டு பேருக்குப் பதில் அனுப்பியிருந்தாள். தூசியைப் பற்றிக் கேட்டது முதல் வரிசையில் உட்காருகிற பெண். இன்னொரு கேள்வியைக் கேட்டவர் மாமா.

மாமா இரண்டாம் ஆண்டு மாணவர். லிஃப்ட் மாட்டும் கம்பெனி ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்து, காது ஓரம் நரைத்த பிறகு, கம்பெனி அனுப்பி வைத்துப் படிக்க வந்தவர். வாரத்தில் பாதி நாள் வேலை, பாதி நாள் வகுப்பு. சக மாணவர்கள் முதல் நாளே அவரை மாமா ஆக்கிவிட்டார்கள். ஆசிரியைக்கு அவரை விடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் "நீங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். அவர் கேட்டிருந்தது இது:

"மேடம், நான் ஒரு கம்பெனில வேலை பாக்கறேன். சோதனை எதுவும் பண்ணாமலே, பண்ணினதா சான்றிதழ்ல கையெழுத்துப் போடச் சொல்றார் மேலாளர். நான் என்ன செய்யணும்?"

கூடவே கூடாது, மேலிடத்துக்கு எழுத்து மூலம் தெரியப்படுத்துங்கள், கேட்கவில்லையென்றால் விலகிவிடுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது என்று ஆசிரியை எழுதினாள். அந்தப் பதில்தான் முதல் வரிசைப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்படியானால் தூசிக்கான பதில் யாரிடம் போயிருக்கும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கணவர் அவள் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். அவர் வானொலியில் செய்தி வாசிப்பவர். வீட்டில் எதைப் படித்தாலும் அந்தக் குரல்தான் வரும்.

"'அவசரப்படக் கூடாது. வேகமாக மோதினால் நொறுங்கிப் போக வேண்டியதுதான். மெதுவாக நெருங்கினால் ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் இருப்பது பெரியது. அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தால் விழாமல் தப்பிக்கலாம். போகப் போக எடை கூடும். கூடியபின் வழியில் இருக்கும் சின்னதுகளை எல்லாம் விழுங்கிவிடலாம்.'" அவர் நிமிர்ந்து பார்த்தார். "உத்தியோகத்துல முன்னுக்கு வர இதை விட நல்ல யோசனை நான் கேட்டதில்லை."

ஓரிடத்தில்கூடத் தூசி என்று எழுதவில்லையே என்று அவள் முணுமுணுத்தாள். அவசரத்தில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது அவளுடைய நெடுநாள் வழக்கம். யார், எது என்பதெல்லாம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வாள்.

அதற்கு மாமாவிடமிருந்து பதிலும் வந்திருந்தது. "அப்படியே எழுதிட்டேன் மேடம். ரொம்ப நன்றி."

அதைக் கணவர் செய்திக் குரலில் வாசிக்கவில்லை.

எழுதிட்டேன் என்றால் கையெழுத்தைப் போட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? மாமாவின் கம்பெனி அப்போது மாட்டிக்கொண்டிருந்தது ஆறு மாடிக் கண் மருத்துவமனை ஒன்றின் லிஃப்ட். நாளைக்குத் திறப்பு என்று அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார். கண்ணில் கட்டுப் போட்டவர்களும் அவர்களைக் கைப்பிடித்து வருகிறவர்களும் நெருக்கியடித்து ஏறப்போகிற லிஃப்ட்.

மாமாவை அழைத்தாள். கைப்பேசி அணைந்திருந்தது. மறுபடி அழைத்தாள். அணைந்தே இருந்தது. சரி, செய்தியாவது போய்க் கிடக்கட்டும், பார்க்கும்போது பார்க்கட்டும் என்று விறுவிறுவென்று தட்டினாள்: "கையெழுத்துப் போடக் கூடாது. யார் மிரட்டினாலும் போடக் கூடாது. நான் இருக்கிறேன்."

அனுப்பிய பிறகு மனம் சற்று நிதானமானது. இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போயிருப்பாள். துறைத் தலைவர் அழைத்தார்.

அவருடைய குரல் வழக்கத்தை விட மரியாதையாக இருந்தது, அதுவே பயமாக இருந்தது. இன்று வந்திருக்கிற இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அறுபது பேரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்களாம். கேட்டால் மேடம் சொன்னார் என்கிறார்களாம். "என்ன கோரிக்கைன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா. என்னால முடிஞ்சா நிறைவேத்திடறேன்."

அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். செய்தி மாமாவுக்குப் போகவில்லை. வகுப்புக் குழுவுக்குப் போயிருந்தது. கீழே வரிசையாக "சரி மேடம்", "உங்க பின்னால நாங்க இருக்கோம் மேடம்". யாரோ ஒருவன் முஷ்டியை உயர்த்திய கை ஒன்றையும் போட்டிருந்தான்.

கோரிக்கை ஒன்றும் இல்லை, தவறுதலாகப் போய்விட்டது என்று துறைத் தலைவரிடம் சொன்னாள். மாணவர்களைக் கலைக்க அவசர அவசரமாகக் குழுவில் எழுதினாள்: "எல்லாரும் உடனே கையெழுத்துப் போடுங்கள். கேள்வி கேட்காமல் போடுங்கள்."

வராந்தா காலியாகிவிட்டது என்று தகவல் வந்தது. அவள் பெருமூச்சு விட்டாள். பாதி மூச்சிலேயே அது நின்றது. அந்தக் குழுவில் மாமாவும் இருக்கிறார்.

இனி எழுத்தை நம்பிப் பயனில்லை என்று அவள் வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். மதியம்தான் வேலை என்று சோம்பலாக இருந்த கணவரை மருத்துவமனைக்கு ஸ்கூட்டரைக் கிளப்பச் சொன்னாள். மாமாவுக்கு இன்று வேலை நாள். வழியெல்லாம் அவர் பின்னால் உட்கார்ந்து, பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தபடி வந்தாள். அறநெறிப் புத்தகத்தில் அவள் படித்திருந்தது முதல் இரண்டு அத்தியாயங்கள் மட்டுமே. இந்த மாதிரிச் சந்தர்ப்பம் ஒருவேளை மூன்றாவதில் இருந்திருக்கலாம்.

மருத்துவமனைக் கட்டடத்தில் வண்ணம் இன்னும் காயவில்லை. லிஃப்ட் கதவைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் மாமாவைப் பற்றிக் கேட்டாள். கிடங்கில் ஏதோ சாமான் எடுக்க கம்பெனி வண்டியில் போயிருக்கிறார், மேலாளர் ஆறாவது மாடியில் இருக்கிறார் என்றார். அவளுக்காக லிஃப்ட் பொத்தானையும் அமுக்கினார்.

ஆசிரியை துள்ளிப் பின்வாங்கினாள். யாரையும் இதில் ஏற விடாதீர்கள் என்றாள். எதற்கென்று அவர் கேட்க, ஒன்றும் கேட்காதீர்கள், ஏற விடாதீர்கள் என்றாள். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, காவலாளி தன் நாற்காலியைக் கொண்டுபோய் லிஃப்டுக்குக் குறுக்கே போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டார். அடுத்த சில நிமிடங்களில் மெத்தை தூக்குகிறவர்களும் கட்டில் தூக்குகிறவர்களும் படிக்கட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் அவளுக்கு முன்னாலும் பின்னாலுமாக முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். நாலாவது மாடியில் ஒரு மெத்தை படியின் வளைவில் சிக்கிக்கொண்டது. அந்தப் பக்கம் கணவர், இந்தப் பக்கம் அவள். நீ போ, நான் இதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மெத்தைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஆறாவது மாடியில் மேலாளர் வண்ண டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து யாருக்கோ தொலைபேசியில், எல்லாம் தயார் சார், ஒரு குறையும் இல்லை சார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய உருவம். தலைக்கவசம் அவர் தலையில் மூடி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் ஆறு மாடிப் படிகளில் உதிர்ந்துபோயிருந்தன. அவளுக்கு மூச்சுத்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள் ஒருவழியாக. "சோதனை பண்ணாமலே சான்றிதழ். உங்ககிட்ட வேலை பாக்கறவர் என்கிட்டச் சொல்லிட்டார். நான் அவருக்கு அறநெறி ஆசிரியை."

மேலாளர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தார். மறுமுனையில் குரல் பேசிக்கொண்டே இருந்தது. அவர் அதை அணைத்தார். கோபப்படுவார், கத்துவார், வெளியே போகச் சொல்வார் என்று ஆசிரியை எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மெதுவாக. "நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே."

சோதனைக்கு லிஃப்டில் ஏற்ற வேண்டிய எடைக் கட்டிகள் வேறொரு ஊரில் மாட்டிக்கொண்டன, மருத்துவமனைக்காரர்கள் நாள் குறித்துவிட்டார்கள், எல்லா லிஃப்டும் ஒழுங்காகத்தானே ஓடுகிறது, இதுவும் ஓடும் என்று நினைத்துவிட்டேன் என்று அவர் கொட்டித் தீர்த்தார். பாவம், எனக்குக் கீழே இருப்பவரைக் குறை சொல்லாதீர்கள், கையெழுத்து நான் போட்டதுதான் என்றார். தனக்குக் கீழே வேலை செய்கிறவரைக் காப்பாற்றப் பார்க்கிறார், ஆள் அவ்வளவு மோசமில்லை என்று ஆசிரியை நினைத்துக்கொண்டாள். அந்தச் சான்றிதழைத் திரும்ப வாங்கிவிட்டு இப்போதே சோதித்துவிடலாமே என்று கேட்டாள்.

எடைக்கு எங்கே போவது என்றார் அவர். இரண்டு பேருடைய கண்களும் ஒரே சமயத்தில் மூலையில் அடுக்கியிருந்த தரை ஓட்டுப் பெட்டிகள் மேல் போயின.

மெத்தைக்காரர்கள், கட்டில்காரர்கள், மெத்தையிலிருந்து விடுபட்டு வந்த கணவர் என்று எல்லோரும் பெட்டிகளைத் தூக்கி லிஃப்டுக்குள் அடுக்கினார்கள். விஷயம் காதில் விழுந்து மருத்துவமனையின் தலைமை மருத்துவரும் வந்து சேர்ந்தார். அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். தாங்கக்கூடிய எடையை விடக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியதும் ஆட்களை வெளியேற்றிக் கதவை மூடி, லிஃப்டைக் கீழே இறங்கவிட்டு, நடுவழியில் மேலாளர் மின்சாரத்தை நிறுத்தினார். அந்த இடத்திலேயே பிரேக் பிடித்து நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. முதலில் தயங்குகிற மாதிரி ஒரு கிறீச்சிடல். பிறகு சரசரவென்று வழுக்கிக்கொண்டு போகிற சத்தம். கடைசியில் அடிமட்டத்திலிருந்து, படிக்கட்டுக் கைப்பிடியே அதிரும்படி ஒரு மோதல். ஓடுகள் நொறுங்கும் ஓசை ஆறு மாடிக்கும் கேட்டது. காவலாளி நல்லவேளையாக நாற்காலியோடு வாசல் பக்கம் நகர்ந்திருந்தார்.

எல்லோரும் படியிறங்கிக் கீழே ஓடினார்கள். பிரேக் பட்டையில் எண்ணெய் கசிந்திருக்கிறது, ஆளில்லாமல் ஓட்டும்போது தெரியவே தெரியாது என்று இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்த மேலாளர் ஈனஸ்வரத்தில் சொன்னார்.

தலைமை மருத்துவர் திறப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார். மேலாளரைத் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாளைக்கு முதல் ஆளாக ஏறுவதாக இருந்தது நானும் என் அம்மாவும்தான் என்று மட்டும் சொன்னார். ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. மேலாளர் கம்பெனித் தலைமைக்குத் தானே தொலைபேசி செய்து நடந்ததைச் சொன்னார். அங்கே என்ன பதில் வந்ததோ, வைத்தபோது அவர் முகத்தில் பல நாள் பல்வலி போனவரின் தெளிவு இருந்தது. இன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கும்போல இருக்கிறது என்றார்.

ஆசிரியைக்கும் அப்படித்தான் இருந்தது. லிஃப்டிலிருந்து வெளியே எடுத்துப் போட்டிருந்த உடைந்த ஓட்டுப் பெட்டி ஒன்றின் மேலேயே உட்கார்ந்து கணவர் நீட்டிய தண்ணீரை மடமடவென்று குடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அறநெறிப் பாடம் நல்ல பாடம் என்று தோன்றியது. மூன்றாவது அத்தியாயத்தைப் படிக்கக்கூட ஆசை வந்தது.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தோளில் ரப்பர் பட்டைச் சுருளும் கையில் உயிரில்லாத கைப்பேசியுமாக மாமா உள்ளே வந்தார். மேலாளர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். மருத்துவர் கைகூப்பினார். மெத்தைக்காரர்களில் ஒருவர் அவருடைய சுருளை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். மாமா எல்லோரையும் பார்த்து மரியாதைக்குச் சிரித்தார். எதற்காகச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியை அவரைத் தனியாக அழைத்துப் போனாள். காலையில் தவறான பதிலை அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டாள். உங்கள் மேலாளர் சோதனை செய்யாததை வெளியில் சொல்ல உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும், அந்தக் கேள்வியை அனுப்பும்போது மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நெகிழ்ந்து போய்ச் சொன்னாள்.

மாமா தலையைச் சொறிந்தார்.

"இவரு சோதனை பண்ணலைன்னே எனக்கு இப்பத்தான் தெரியும் மேடம், நான் அனுப்பினது நீங்க போன வாரம் புத்தகத்துலேர்ந்து குடுத்த ஹோம்வொர்க்ல மூணாவது கேள்வி."