ஆறுக்கு ஏழு அறையும் அகலக்கோண லென்ஸும்

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் முடிவெடுத்துவிட்டார். இனி உலகத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுப்பதில்லை. எடுத்தால் முழுசாக. வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து அதை ஒருமுறை அறிவித்தார். கண்ணாடிக்குள் இருந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வீட்டில் அவர் சொன்னதை அப்படியே கேட்டுக்கொள்ளும் ஒரே ஆள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக லென்ஸ் உரசுகிறவர் அவர். பேருந்து எண்ணைத் தூரத்திலேயே படித்துவிட்டு ஓடிப்போய் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அவர் உரசிய லென்ஸ் வழியாகத்தான் படிக்கிறார்கள். அதனால் யாராவது ‘லென்ஸ்’ என்று தும்மினால்கூட அவர் தோள் இரண்டு விரற்கடை உயரும்.

வீட்டில் ஹால், படுக்கையறை, சமையலறை போக மிச்சமாக ஒரு குட்டி அறை உண்டு. ஆறடிக்கு ஏழடி. அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்டூடியோ. உள்ளே ஒரு முக்காலி ஸ்டாண்டு, மூன்று பைகள், கேமராவுக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு பெட்டி. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த சொத்து அவ்வளவுதான்.

அதன்மேல் அவர் மனைவிக்கு இரண்டு வருஷமாகக் கண். மனைவி தையல்காரர். கட்டில் காலடியில் மெஷினைப் போட்டுக்கொண்டு, அடுக்குமாடி முழுக்க யார் பெருத்தாலும் இளைத்தாலும் அதற்கேற்ப உடுப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவர். ஒரு தையல் வகுப்பு நடத்த வேண்டும், அதற்கு அந்த அறை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஒவ்வொரு முறையும் கணவர் ஒரே ஆயுதத்தை எடுப்பார்.

“அதுல ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் ஜன்னல்ல தொங்கணும்மா. நானே மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போறேன்.”

மனைவி ஒருநாள் டேப்பை வைத்து அளந்தார். டேப்பைச் சுருட்டி வைத்தார். அத்தோடு விவகாரம் முடிந்தது என்று கணவர் நம்பினார்.

அகலக்கோண லென்ஸைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் ஆனது. கேமராக் கடைக்காரர் எதைச் சொன்னாலும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று சொல்வது போலத்தான் சொல்வார். ஒரு லென்ஸ் எல்லாவற்றையும்விட அகலமாகப் பார்க்குமாம். ஆனால் முன்கண்ணாடி தவளைக்கண் மாதிரிப் பிதுங்கி நிற்பதால் அதில் ஃபில்டர் திருக முடியாதாம். இன்னொன்று கொஞ்சம் அகலம் குறைவு. ஆனால் முகம் தட்டை, ஃபில்டர் ஏறும். மனசைத் தேற்றிக்கொண்டு முடிவு செய்யுங்கள் என்றார். நம்மவர் இரண்டையும் விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார், ஓரங்களை நகத்தால் தடவினார், கடையே கவனிக்கிறதா என்று ஓரக்கண்ணால் சரிபார்த்துக்கொண்டு தட்டை முகத்தை எடுத்தார். ஃபில்டர் வாங்கினால் விளிம்பு மெல்லிசாக இருப்பதை வாங்குங்கள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாட்டுங்கள் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்கிறாரே என்று நம்மவர் சிரித்துக்கொண்டே தடித்த விளிம்பில் மூன்று வாங்கினார். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகினார்.

விளிம்பு மறைத்ததில் முதல் படத்தின் நாலு மூலையும் கரிக்கட்டை.

“எந்தக் குழாய்க்குள்ள உக்காந்து எடுத்தீங்க?” என்று மனைவி கேட்டார்.

அது கலை என்று அவர் விளக்கினார். மறுநாள் பின்வாசல் வழியாக நுழைகிறவர் மாதிரி கடைக்குப் போய் கூச்சத்தை அடக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று, மெல்லிய விளிம்பில், வாங்கி வந்தார். கடைக்காரர் பில்லை மட்டும் நீட்டினார். ‘அன்னைக்கே சொன்னேனே’ என்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாயில் நாலு குண்டூசியோடு மனைவி வந்து நின்றார்.

“இதுல எடுத்தா எல்லாம் பெரிசாத் தெரியுமாமே?”

“பெரிசா இல்லம்மா. விசாலமா.”

“நம்ம வீட்டு அந்தப் பொந்துகூடவா?”

“பொந்தா?”

“நடக்கிற காரியமா இருந்தா எடுத்துக் காட்டுங்க. இல்லன்னா விடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரை எழுப்பியது. ஸ்டாண்டு, பைகள், பெட்டி எல்லாவற்றையும் தாமே வெளியே தூக்கி வைத்தார். தரையைத் தாமே துடைத்தார். வாசல் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, சுவர்கள் சாய்ந்து தெரியாமலிருக்கக் கேமராவை இடுப்பு உயரத்தில் மட்டமாகப் பிடித்தார். போலரைசரை மெல்லத் திருப்பினார். டைல்ஸில் அடித்த கூச்சமும் ஜன்னல் கண்ணாடியில் விழுந்த பிம்பமும் அடங்கின. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. நாற்பத்தோராவது படத்தில் ஆறுக்கு ஏழு அறை கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது. ஜன்னல் அடுத்த தெருவில் இருந்தது.

மனைவி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தார். எதையாவது இழுத்து, திருத்தி, ஒட்டியிருக்கிறாரா என்று கேட்டார்.

“ஒரு புள்ளி திருத்தலை. லென்ஸ் பொய் சொல்லாதும்மா.”

“எழுதித் தருவீங்களா?”

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அடியில் ‘ஒரு புள்ளியும் திருத்தப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவி அவரிடம் கையெழுத்து வாங்கியது அதுதான் முதல் தடவை. புகழ்பெற்றவர்களுக்கு இப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கீழே அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம். நடுவில் அவர் படம். குடியிருப்போர் சங்கச் செயலாளர், தண்ணீர் வராததை அறிவிக்கும் அதே கட்டைக்குரலில், படம் பிரமாதம் என்று தீர்மானம் போட்டார். மூன்றாம் மாடிக்காரர் கை குலுக்கினார். நம்மவர் நெஞ்சு விரிந்த விரிவைப் பிடிக்க எந்த லென்ஸும் போதாது. பத்து நிமிஷம் அப்படியே நின்று குளிர்காய்ந்தபிறகுதான் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார்.

தையல் வகுப்பு. சனிக்கிழமை ஆரம்பம். விசாலமான அறை. நல்ல வெளிச்சம். எட்டுப் பேர் மட்டும். இடங்கள் நிரம்பிவிட்டன.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினார்.

“அந்த அறையில எட்டுப் பேர் எப்படிம்மா?”

“படத்துல பன்னெண்டு பேருக்கு இடம் இருக்கு. காத்தோட்டத்துக்காக எட்டோட நிறுத்திட்டேன்.”

“அது லென்ஸ்ம்மா.”

“அப்ப லென்ஸ் பொய் சொல்லுமா?”

ஒரு பக்கம் பதினெட்டு வருஷத்து மானம். இன்னொரு பக்கம் ஆறுக்கு ஏழு. கீழே கையெழுத்து வேறு தொங்குகிறது.

“சொல்லாது,” என்றார்.

ஆனாலும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. சனிக்கிழமை எட்டுப் பேரும் நேரில் வருவார்கள், கண்ணால் பார்ப்பார்கள், முகம் சுளித்துத் திரும்பிப் போவார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஃபில்டரைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தார்.

எட்டுப் பேரும் வந்தார்கள். முதலில் எட்டிப் பார்த்தது பக்கத்து பிளாக் நர்ஸ்.

“படத்துல பெரிசா இருந்துச்சேக்கா?”

நம்மவர் ஃபில்டருக்குப் பின்னால் சிரிப்பை ஒளித்துக்கொண்டார்.

மனைவி அசரவில்லை. “அது துணி வெட்டுற அறைம்மா. ஒரு மேசைதான் போடுவேன். வகுப்பு இந்த ஹால்ல.”

அவர் எழுந்தேவிட்டார். வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் திரும்பினார்.

“அண்ணே, அந்தப் படம் நீங்களா எடுத்தீங்க? எப்படிண்ணே?”

எப்படி என்று கேட்டுவிட்டால் அவர் என்ன செய்வார், பாவம். பிதுங்கிய முகம், தட்டை முகம், விளிம்புத் தடிமன், மூலைக் கரி என்று ஆரம்பித்தார். எட்டுப் பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவர் பேசப் பேச சோபா ஒருபக்கம் நகர்ந்தது. போலரைசருக்கு வந்தபோது மெஷின் ஹாலுக்கு வந்தது. கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்களேன் என்று மனைவி கனிவாகச் சொல்ல, ஓரடி தள்ளினார். பிறகு இன்னொரு அடி. பேச்சை முடித்துச் சுற்றிலும் பார்த்தபோது அவர் பால்கனியில் நின்றிருந்தார். ஒருபக்கம் துவைக்கும் மெஷின், தலைக்கு மேல் ஈரத்துணி, காலடியில் வரிசையாக அவருடைய ஸ்டாண்டு, மூன்று பைகள், பெட்டி.

“ஏம்மா, இங்க ரெண்டடிகூட இல்லையே,” என்றார்.

மனைவி கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே சொன்னார்: “அந்த லென்ஸை மாட்டிக்கிட்டுப் பாருங்க. விசாலமா இருக்கும்.”