யாருடைய நாலு மணி?

காஜா பேராங், மலாக்கா
20-8-1957

அன்புள்ள தம்பி மாணிக்கவாசகத்துக்கு, அக்கா பாக்கியலட்சுமி எழுதுவது. உன் அத்தானின் முழங்கால் நீங்கலாக இங்கு எல்லாரும் சுகம்.

மதராஸிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம்? எனக்குத் தெரியவில்லை. பி.ஏ. படித்தவள் சொல்லட்டும் என்று வீடே என்னைப் பார்க்கிறது.

இருபத்தொன்பதாம் தேதி காலை எட்டுக்கு ஏறி மாலை நாலுக்கு இறங்குவதாக எழுதியிருக்கிறாய். அது யாருடைய நாலு மணி என்று எழுதவில்லை. உங்கள் கடிகாரம் எங்களுடையதற்கு இரண்டு மணி பின்னால். நாலு என்பது எங்கள் நாலு என்றால் பயணம் ஆறு மணி நேரம். உங்கள் நாலு என்றால் எட்டு, இங்கே அப்போது மணி ஆறாகியிருக்கும். இதை விளக்கியதும் உன் அத்தான், "அந்த ரெண்டு மணி எங்க போச்சு?" என்றார். மூன்று நாளாக அதையே கேட்கிறார். வாடகைக் கார் யூனுஸ் மட்டும்தான் விஷயத்தைப் பிடித்தார். "டீச்சர், எங்க நாலா, அவங்க நாலா? அதச் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

தூரத்தை வைத்துக் கணக்குப் போடலாமென்று பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கொண்டுவந்து தையல் நூலால் அளந்தேன். யாரோ கீழே போட்டதில் வங்காள விரிகுடா உள்ளே குழிந்திருக்கிறது. நூலைப் பள்ளத்தில் இறக்கினால் ஆயிரத்தெண்ணூறு மைல். இழுத்துப் பிடித்தால் இருநூறு குறைகிறது. விமானம் பள்ளத்தில் இறங்காது, இழுத்தே பிடி என்கிறார் அத்தான். வேகம் எவ்வளவென்று கேட்டேன். அது யாருக்கும் தெரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து இங்கே வர நூற்றைம்பது மைல்தான். பத்து பகாட், மூவார் ஊர்களில் ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரிக்குக் காத்துக்கிடந்தால் அதற்கும் ஆறு மணி ஆகும். சுதந்திர வாரம், வேறு கார் கிடைக்காது. கடைசியில், யூனுஸ் பகல் பன்னிரண்டிலிருந்தே சிங்கப்பூர் விமான நிலையத்தில் நிற்பதென்று முடிவாயிற்று.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த கல்யாணப்பெண் சந்திரமதி, நூலைச் சுற்றிக்கொண்டே, "மாமா வருவாங்களாம்மா?" என்றாள். பன்னிரண்டு வருஷமாக அடுத்த தை, அடுத்த தை என்று எழுதுகிறாய். ஒன்றாம் தேதி மணவறையில் அவளுக்கு மாலை போடத் தாய்மாமன் நீ ஒருவன்தான். மணி தப்பினால் பரவாயில்லை. தேதி தப்பாதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிகள். குடை கொண்டு வா.

அக்கா

பி.கு. 21-8-1957. ஒட்டி வைத்ததைப் பிரித்து எழுதுகிறேன். நீயே அறிந்ததுதான், இருந்தாலும் பதிவாகட்டும். இன்று காலை பத்து மணிக்கு நீ தம்பின் ஊர் ரயில் நிலையத்து டாக்சியில் வாசலில் வந்து இறங்கினாய். விமானமென்றால் பயமாம், கப்பலென்று எழுத வெட்கமாம். பினாங்கு வரை ஏழு நாளாம். சந்திரமதி உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். உன் அத்தான் கணக்குத் தாளை எடுத்துவந்து கேட்டார்:

"ஏழு நாளுன்னா, ஒங்க கடிகாரத்துக்கா, எங்க கடிகாரத்துக்கா?"