கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இரும்புக் கை

சிக்னல்காரரின் போர்டிங் பாஸை விழுங்கிய விமான நிலையக் காபி இயந்திரம் அதைத் துப்புவதாகத் தெரியவில்லை.

"எத்தனை விரல் காட்டுனா அத்தனை காபி வருமாம். வாங்கி முடிச்சதும் பாஸைத் திருப்பித் தருமாம். எழுதிப் போட்டிருக்கு," என்றார் அவர்.

"அதான் ஒண்ணு வாங்கியாச்சே!" என்றாள் மனைவி. "நாளைக்குக் காலையில பொண்ணுக்குக் கல்யாணம். இருக்கிறது இந்த ஒரு விமானம். ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் மெஷின்ல போட்டுட்டீங்களா?"

ஞாபகம் இருந்தது. ஆனால் இயந்திரத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற இரும்புக் கை அவரைக் கட்டிப்போட்டிருந்தது. துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று, தூக்கு, திருப்பு, இறக்கு என்று ஓட்டுநருக்குக் கைச்சைகை காட்டியே தலை நரைத்தவர் அவர். அந்த இரைச்சலில் வாயைத் திறந்தால் தூசிதான் உள்ளே போகும். சற்றுமுன் முதல் கோப்பையை இரும்புக் கை தூக்கியபோது, பழக்கதோஷத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து 'மெதுவா' என்று காட்டிவிட்டார்.

அது மெதுவாக்கியது!

இடப்பக்கம் விரலை அசைத்தார். திரும்பியது. தாழ்த்தினார். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் கோப்பையை இறக்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அடியே, இது நம்ம பாஷை பேசுதுடி!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிரேன் ஓட்டிய எந்த மகராசனும் இப்படிச் சொன்னபடி கேட்டதில்லை.

சபாஷ் சொல்ல ஐந்து விரலையும் விரித்தார். சனி அங்கேதான் வந்து உட்கார்ந்தது. வரிசையாக ஐந்து காபி வந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க!"

துறைமுகத்தில் நிறுத்து என்றால் இரு கைகளையும் அகல விரிக்க வேண்டும். விரித்தார். அதைப் 'பெரிசு' என்று எடுத்துக்கொண்டதுபோல், இப்போது வாளிக்குத் தம்பி முறையாகிற கோப்பைகளில் காபி வரத் தொடங்கியது.

"கும்பிட்டுப் பாருங்க."

கும்பிட்டார். இரும்புக் கை அவரைப் பார்த்து ஒருமுறை பணிவாகக் குனிந்தது. கூட்டம் 'ஆ' என்று வாய் பிளந்தது. குனிந்த கை நிமிர்ந்து, கூடுதல் நுரையோடு இன்னொன்றை நீட்டியது.

அந்த வாசலில் விமானத்துக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேர் கையிலும் இப்போது காபி. ஒலிபெருக்கி கடைசி அழைப்பு விடுத்தது.

"நான் போறேன்," என்றாள் மனைவி. "பொண்ணோட அப்பா எங்கேன்னு கேட்டா, அவருக்கு வேற சம்பந்தம் கூடிவந்துடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

சிக்னல்காரர் வாழ்க்கையில் முதன்முறையாக, வேலை நடக்கும்போது இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் ஒளித்துக்கொண்டார்.

இரும்புக் கை நின்றது. பெட்டியின் பின்னால் சின்னக் கதவு ஒன்று கிறீச்சிட்டுத் திறந்தது. வியர்வையில் தொப்பலாக நனைந்த ஒரு பெண், போர்டிங் பாஸை நீட்டியபடி தலையை வெளியே விட்டாள்.

"இந்தாங்கண்ணே, ஓடுங்க, அடுத்த தடவை கண்ணாடியத் தட்டிப் போதும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த இரும்பை உள்ளேர்ந்து ஆட்டி ஆட்டி என் கை கழண்டு போச்சு!"