நாகையாவின் வாசல் சோதனை

பாதுகாப்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் நடத்தும் தகுதி ஒரே ஒரு வீட்டுக்கு உண்டென்றால், அது எம். புதுப்பட்டியில் உள்ள செல்வக்குமாரின் வீடுதான். பட்டாசுக் கம்பெனியில் அவர் 'பாதுகாப்பு மேலாளர்'. அப்பேர்ப்பட்டவரால் தீர்க்க முடியாத சின்னச் சிக்கல் ஒன்று 2008 பொங்கலுக்குப் பின் முளைத்தது: வீட்டுக்கு வருகிறவர்கள் மடியிலெல்லாம் அவருடைய அப்பா கையை விட்டுத் துழாவினார்.

அப்பா நாகையா முப்பத்தெட்டு வருடம் அதே கம்பெனி வாசலில் சோதனை பார்த்தவர். அதற்கொரு வரிசை உண்டு. முதலில் தலைத்துண்டு, பிறகு சட்டைப்பை, அப்புறம் இடுப்பு மடிப்பு, கடைசியில் செருப்பு. ஒரு தீக்குச்சி உள்ளே போனால் பத்துப் பேர் வெளியே வரமாட்டார்கள். மறதி நோய் வந்து, மகன் பெயரும் காலையில் சாப்பிட்ட இட்லியும் மறந்த பிறகும் அந்த வரிசை மட்டும் மறக்கவில்லை.

முதலாளி சங்கரலிங்கம் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார்.

"கையத் தூக்குலே."

முதலாளி சிரித்தபடி தூக்கினார். நாகையா அவர் வேட்டி மடிப்பிலிருந்து சிகரெட்டையும் லைட்டரையும் உருவி, செம்புத் தண்ணீரில் போட்டார்.

"எந்த ரூம்ல வேலை பாக்க நீ? நாளையிலருந்து வராத!"

முதலாளியையே வேலையை விட்டு நீக்கினால் மகன் வேலை என்னாகும்? அன்றே 'அவசரப் பாதுகாப்புக் கூட்டம்' கூடியது. தலைவர் செல்வக்குமார். உறுப்பினர் அவர் மனைவி செல்வலட்சுமி.

"மாமா மேல என்ன தப்பு? லைட்டர் இருந்துச்சுல்ல?"

"அதைக் குறிப்புல ஏத்தாத!" என்றார் தலைவர்.

கூட்ட முடிவுப்படி போய்ப் பார்த்த ஒரு டாக்டர், மனக்கோளாறுக்குத் தரும் மாத்திரையைப் பத்து நாளைக்கு எழுதி, "பத்தாம் நாள் கூட்டிட்டு வாங்க" என்றார். நாகையா அமைதியானார். வெற்றி பெற்ற திட்டத்தை யாராவது நிறுத்துவார்களா? மருந்துக்கடை கனகசபாபதியும் டாக்டர் சீட்டைக் கேட்கவில்லை. பத்து நாள் பத்து மாதமாயிற்று. தீபாவளி ஆர்டருக்கு வந்தவர்கள் வீட்டுக்கும் வந்ததால், ஒரு மாத்திரை இரண்டாயிற்று.

செல்வக்குமார் வாசலில் பலகை மாட்டினார்: 'விபத்தில்லா நாட்கள்: 290'. நாகையா குளியலறையில் மூன்று தடவை விழுந்தது அதில் சேராது; விழுந்தவர் விருந்தாளி இல்லையே! அவருக்குக் கை விறைத்தது. சோறு தொண்டையில் நின்றது.

"எம்புட்டு அமைதியா இருக்காக!" என்று வந்தவர்கள் பாராட்டினார்கள்.

நாலாம் தடவை புருவம் கிழிந்தது. விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் அனுப்பிரியா தையல் போட்டுவிட்டு, மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, எத்தனை நாளாக, நாளைக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டார்.

"ஒங்க கம்பெனியில ஒரு ரூம்ல எத்தனை பேரு இருக்கலாம்?"

"நாலு பேரு, மேடம்."

"அஞ்சாவதா ஒருத்தரை விடுவீகளா?"

"சாமி சத்தியமா விடமாட்டேன்."

"அப்ப இந்த ரெண்டாவது மாத்திரைய விட்டது யாரு?"

செல்வக்குமார் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்தார்.

"இது மூளையில போற தகவலைத் தடுக்கும்ங்க. கோவத்தை மட்டும் தனியாப் பிரிச்சுத் தடுக்கத் தெரியாது. நடக்குறது, முழுங்குறது எல்லாத்தையும் சேத்துக் கெடுக்கும். மறதி நோய்க்காரகளுக்குப் பக்கவாதம் வரலாம், உசுரே போகலாம். வேற வழியே இல்லாத ஆபத்துன்னாத்தான் கொஞ்ச நாளைக்குக் குடுக்கணும், அதையும் கூடவே இருந்து பாக்கணும். சரி, இவரால தொந்தரவு யாருக்கு?"

"வந்தவுகளுக்கு."

"மாத்திரை முழுங்குனது?"



டாக்டர் சொன்ன அளவில் வாரவாரம் குறைத்து மாத்திரையை நிறுத்தினார்கள். வாசலில் நாகையாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். வருகிறவர் கையைத் தூக்கி நிற்க வேண்டும். அவர் தடவிப் பார்த்துத் தலையசைத்ததும் உள்ளே போகலாம். ஆளுக்குக் கால் நிமிடம் ஆகிறது. அந்தக் கால் நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் பாதுகாப்பு மேலாளர் தன்னைப் பெற்ற அப்பாவுக்குப் பத்து மாதம் மாத்திரை கொடுத்தார்.