ஓட்டத்தாரின் ஆறு மோதகங்கள்

குடாநாட்டில் அதிகம் ஓடியவரும், ஒரு ஓட்டத்தையும் முடிக்காதவரும் ஒரே ஆள்தான்: எங்கள் அலுவலகக் களஞ்சியக் காப்பாளர். நாங்கள் அவரை ஓட்டத்தார் என்போம்.

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருடாவருடம் ஒரு நெடுந்தூர ஓட்டம். கடந்த மூன்று வருடமும் நீர்வேலி வாழைத்தோட்டத்தடியில் அவர் கால்கள் நின்றன. மூன்று வருடமும் பஸ் ஏறி வீடு வந்தார். இப்போது வயது ஐம்பத்தொன்பது. அறுபதானால் சேர்க்கமாட்டார்கள்.

"ஓடேக்கை என்ன சாப்பிடுறனீங்கள் அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓடேக்கை ஆரும் சாப்பிடுவினமே பிள்ளை?"

விளங்கிவிட்டது. உடம்பில் சேர்ந்திருக்கும் காபோவைதரேற்று, அதாவது மாச்சத்து, இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். வழியில் நிரப்பாவிட்டால் கால் நகராது. பட்டியல் போட்டேன். ஒன்று, முதல்நாள் இரவு புட்டு. இரண்டு, நாற்பது நிமிடத்துக்கு ஒரு மோதகம். அரிசிமா, பயறு, சர்க்கரை எல்லாம் அதற்குள் உண்டு. மூன்று, பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

முதலாவதை மூன்று நீத்துப்பெட்டிப் புட்டு அளவுக்கு நிறைவேற்றினார். விடிந்ததும், மனைவி அவித்த ஆறு மோதகங்களை இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு ஓடினார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன்.

நெல்லியடியில் முதல் மோதகத்தை எடுத்தார். பக்கத்தில் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார்.

"இந்தாரும் தம்பி, இன்னும் சூடாக் கிடக்கு."

"அண்ணை! அது உங்கடை காலுக்கு!" என்று கத்தினேன்.

"ஒருத்தர் பாத்துக்கொண்டு வரேக்கை தனியத் திண்டால் தொண்டைக்குள்ளை இறங்குமே?"

வல்லை வெளியில் இருவருக்குக் கொடுத்தார். புத்தூரில் ஒருவருக்கு, அவர் ஓட்டத்திலேயே இல்லை, பஸ்ஸுக்கு நின்றவர். ஓட்டத்தாரின் வயிற்றுக்குப் போனது இரண்டு.

நீர்வேலியில், அதே தோட்டத்தடி மதகில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏலாது பிள்ளை."

அவர் சிரிக்காமல் கதைத்ததை அன்றுதான் கேட்டேன். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது.

வேலிக்கு மேலால் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, இந்தமுறையும் எங்கடை வாசல்லையோ?" ஒரு சீப்புக் கதலிப்பழத்தை நீட்டினார்.

"நீரும் ஒண்டு எடுமன்."

"என்ரை பழத்தை எனக்கே தாறியளோ? பேசாமல் தின்னுங்கோ!"

பேசாமல் நான்கு பழம் தின்றார். பஸ்ஸைப் போகவிட்டார். கால் மணித்தியாலம் கழித்து எழும்பி நடந்தார். கோப்பாய் தாண்டியதும் ஓடினார்.

முடிவிடத்தில் மேசை கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு மட்டும் மிச்சம். அதை இரண்டு காலாலும் மிதித்துப் பார்த்தார். கைதட்ட நான் ஒருத்திதான் இருந்தேன்.

மூச்சு வாங்க வாங்க இடுப்புப் பைக்குள் கைவிட்டு, நசிந்த கதலிப்பழம் ஒன்றை எடுத்தார்.

"காலமை தொடக்கம் நீர் ஒண்டும் சாப்பிடேல்லை எல்லே?"

தோலை உரித்தேன். பாதியை முறித்து அவரிடம் நீட்டினேன்.